ஈஸ்வரி பிரித்துவைத்த நான்கு முகவரிகள்

ஈஸ்வரி இறந்துபோன செய்தி, அவரை வேலையைவிட்டு வெளியேற்றிய மனிதரின் கையிலிருந்துதான் எனக்கு வந்தது. போடி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் பொது மேலாளர் ஒரு படம் போட்டிருந்தார். ஒரு ரோஜா, ஒரு குத்துவிளக்கு, பின்னால் மேகங்கள். நடுவில் ஈஸ்வரியின் பழைய அடையாள அட்டைப் புகைப்படம். "எங்கள் குடும்பத்தின் அன்பு உறுப்பினர் நம்மைவிட்டுப் பிரிந்தார்" என்று எழுதியிருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அதை நீக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. டீயைக் குடிக்க முடியாமல் அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

சிறுநீரகம் கெட்டு, தேனி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்திருக்கிறார். அந்தக் குழுவில் இருந்த பலருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் போய்ப் பார்க்கவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மலையிலும் போடியிலும் அவரை அறிந்த நீங்கள், அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். நல்ல வார்த்தைகளையெல்லாம் மேலாளர் போன்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் கிடப்பதை நான் சொல்கிறேன்.

என் பெயர் சிக்கந்தர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களும் போடியில் தலைமை அலுவலகமும் உள்ள ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஈஸ்வரி வந்து சேர்ந்தபோது அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான். அவர் வந்த பிறகு இரண்டு பேர். ஒரே அறை, எதிரெதிர் மேசை, ஒன்பது வருடம். அவரோடு ஒரே அறையில் இருப்பது சுலபமில்லை. நான் கொண்டுவரும் மீன் குழம்பின் வாசம் அவருக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைப்பார். மழைச்சாரல் அடித்தாலும் மூட விடமாட்டார். ஊரே ஏலக்காய் மணக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் மூச்சை இழுத்து ரசிக்கும்போது அவர் முகத்தைச் சுளிப்பார். "எங்காத்தா சேலையில இருந்த வாசம் பாய் இது. இருபது வருசம் மோந்தாச்சு. கொமட்டுது" என்பார். டீயில் சுக்குதான் போடச் சொல்வார். மேல் எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், ஓட்டுக்கூரை வரிசையில் ஏழாவது வீட்டில் பிறந்தவர் அவர். அவருடைய அண்ணன் குடும்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனியின் வலைப்பின்னலுக்குள் வருகிற ஒவ்வொரு கணினிக்கும் கைபேசிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான், உள்ளே வருகிறவர் எங்கே இருக்கிறார் என்பதை இயந்திரம் கண்டுகொள்ளும். ஆனால் இயந்திரத்துக்கு ஊர் தெரியாது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை போடி அலுவலகம், இது ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர், இது லயம், இது ஆஸ்பத்திரி என்று நாம்தான் தொகுத்துப் பெயர் வைக்க வேண்டும். அதை இடக்குழு என்போம். பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் விதி எழுத வேண்டும்: இங்கிருந்து வருபவர் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது, லைன் நெருக்கடியானால் யாருடையது முதலில் போகும், யாருடையது காத்திருக்கும். கேட்பதற்குச் சாதுவான வேலை. யாரை எந்தக் குழுவில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டை முதலில் செய்து கொடுத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு ஒப்பந்தக் கம்பெனி. இரண்டு இளைஞர்கள் வந்து எங்கள் கூட்ட அறையில் மூன்று நாள் உட்கார்ந்து எல்லாக் குழுக்களையும் எழுதி முடித்துவிட்டுப் போனார்கள். மலைக்கு ஏறவே இல்லை. ஜீப்பில் போனால் வாந்தி வரும் என்றார்கள். அவர்கள் போன மறுநாளே மேல் எஸ்டேட் ஸ்டோர் கிளார்க் உள்ளே நுழைய முடியவில்லை. மலையில் இணைப்பு கொடுப்பது கேரளத்து நிறுவனம். அதன் எண்கள் கொச்சி என்று காட்டியதால், யாரோ கொச்சியிலிருந்து திருட்டுத்தனமாக நுழைகிறார்கள் என்று இயந்திரம் கதவை அடைத்துவிட்டது. அந்த மனிதர் தினமும் போடிமெட்டு வரை ஜீப்பில் இறங்கிவந்து கைபேசியில் நுழைந்து, அன்றைய கணக்கை ஏற்றிவிட்டு மறுபடி மேலே ஏறினார். ஒரு வாரம் இது நடந்தது. சென்னைக்குப் போன் செய்தால், "டிக்கெட் போடுங்க சார்" என்று, புகாரை இணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

ஈஸ்வரி டிக்கெட் போடவில்லை. தொழிலாளர்கள் போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான்கு நாள் மலையில் சுற்றினார். ஒவ்வொரு ஸ்டோர், ஒவ்வொரு ஆன்டெனா, எந்த வயர் எந்தச் சுவரில் நுழைகிறது என்பது வரை பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். காலில் அட்டை கடித்த தழும்புகளோடு நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "எடத்தப் பாக்காம எடத்துக்குப் பேரு வைக்கிறது, ஆளப் பாக்காம என்ன சாதின்னு கேக்குற மாதிரி பாய். ரெண்டுலயும் நாத்தம் ஒண்ணுதான்."

அன்றுதான் அவர் அந்த இளைஞர்கள் எழுதிய பட்டியலை முழுக்கப் படித்தார். தலைமை அலுவலகமும் மேலாளர்களின் பங்களாக்களும் "நம்பகமான இடங்கள்". ஸ்டோர்கள் "வரம்புக்குட்பட்ட இடங்கள்". லயங்கள் எல்லாம் சேர்ந்து "நம்பத்தகாத இடங்கள்". பிறகு என் பக்கம் திரும்பாமல், "எங்கண்ணன் வீடு நம்பத்தகாத எடமாம் பாய்" என்றார். அது தொழில்வழக்கு, எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். "தெரியும். நானும் படிச்சவதான். எல்லா எடத்துலயும் எழுதுறதுனால அசிங்கம் இல்லேன்னு ஆயிருமா?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் எல்லாக் குழுக்களுக்கும் ஊர்ப்பெயர் வைத்தார். மேல் லயம். ஆத்தோர லயம். பாறை ஸ்டோர். போடி அலுவலகம். விதிகளில் பெரிதாகக் கை வைக்கவில்லை. லயத்திலிருந்து கம்பெனிக் கோப்புகளைத் திறக்க முடியாது என்பது அவருக்கும் சரியாகவே பட்டது. பெயரைத்தான் மாற்றினார். மேலாளர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கவிதை எழுதுறீங்களோ?" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதே நாலு நாள் பயணத்தில்தான் அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தார். மேல் எஸ்டேட்டில் கம்பெனியின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு நர்ஸ். தொடுபுழாப் பக்கத்திலிருந்து வந்த ஏலியம்மா சிஸ்டர்தான் அங்கே எல்லாம். டாக்டர் கிடையாது. அவசரமென்றால் கணினியில் வீடியோ மணி அடித்துப் போடியில் இருக்கும் டாக்டரம்மாவை அழைக்க வேண்டும். அவர் நோயாளியைத் திரையில் பார்த்துச் சொன்ன பிறகுதான் முக்கியமான ஊசிகளைப் போடலாம் என்பது விதி. இந்த ஆஸ்பத்திரி லயத்தின் கடைசி அறையில் இருந்ததால் சென்னைப் பையன்கள் அதன் முகவரிகளையும் லயத்தோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அதாவது, லயத்துப் பிள்ளைகள் படம் பார்க்கும் நேரத்தில் டாக்டரின் அழைப்பும் அந்த வரிசையில் நின்று காத்திருக்கும். ஈஸ்வரி நான்கே நான்கு முகவரிகளைப் பிரித்தெடுத்து "மேட்டு ஆஸ்பத்திரி" என்று தனிக்குழு வைத்தார். அதற்கு எல்லாவற்றுக்கும் முந்திய வழி கொடுத்தார். மேலாளரின் கூட்டத்துக்கும் முந்தி.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த நான்கு முகவரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு மழைக்காலத்தில், ஏலச் செடிகளுக்கு மருந்தடித்த காட்டுக்குள் மறுநாளே களையெடுக்க ஆள் இறக்கிவிட்டார்கள். நான்கு பெண்கள் வாந்தியெடுத்து விழுந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் வரிசையாகப் படுத்துக் கிடப்பதை யாரோ கைபேசியில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அது கேரளத்திலும் இங்கேயும் சுற்றியது. மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் கைபேசி கிடந்தது. அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் இருமல் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. அதை நிறுத்தக்கூட அவர் கைநீட்டவில்லை.

"இது எங்கேர்ந்து வெளிய போச்சு?" என்று கேட்டார்.

ஈஸ்வரி சொன்னார்: "மருந்து எப்படி அவுக வயித்துக்குள்ள போச்சுன்னு மொதல்ல கேளுங்க சார்."

மேலாளர் அது காதில் விழாதவர்போல் தொடர்ந்தார். இனி லயத்திலிருந்து படமோ வீடியோவோ வெளியே போகக் கூடாது. வீடியோ அழைப்பும் கூடாது. அந்தப் படம் ஆஸ்பத்திரி வாசலில் எடுத்தது, ஆஸ்பத்திரி இணைப்பு வழியாகவே போயிருக்கலாம். அதனால் ஆஸ்பத்திரியையும் லயத்தோடு சேர்த்துவிட வேண்டும். "டாக்டர் கூப்பிடணும்னா?" என்று ஈஸ்வரி கேட்டார். "போன்ல கூப்பிடட்டும். நாங்க சின்ன வயசுல வீடியோ பாத்தா பொழச்சோம்?"

மேல் எஸ்டேட்டில் கைபேசிக்கு சிக்னல் எடுப்பது ஒரே ஒரு பாறைமேல்தான் என்பது மேலாளருக்குத் தெரியும். அந்தப் பாறையில் நின்று அவரே எனக்குப் பேசியிருக்கிறார்.

"நான் செய்ய மாட்டேன் சார். செஞ்சுதான் ஆகணும்னா எழுத்துல குடுங்க. ஆஸ்பத்திரிய வெட்டிவிடச் சொல்லி நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றார் ஈஸ்வரி. எழுந்து போய்விட்டார். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் போனார். கதவு சாத்திய பிறகு மேலாளர் என்னைப் பார்த்தார். எழுத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "பாத்துக்கிறேன் சார்" என்றேன்.

புதன்கிழமை மதியம், ஈஸ்வரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதைச் செய்தேன். லயங்களிலிருந்து படமும் வீடியோவும் போகாதபடி விதி எழுதினேன். அடுத்து மேட்டு ஆஸ்பத்திரி என்ற குழுவைத் திறந்து, நான்கு முகவரிகளையும் எடுத்து, மேல் லயத்துக்குள் போட்டேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கையைக் கழுவிவிட்டு நானும் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்பது நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் மேல் எஸ்டேட்டில் வேலுத்தாய் விழுந்தார். மருந்தடிக்கிறவருக்குப் பின்னால் குழாயைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை அவருக்கு. குழாய் பிரிந்து மருந்து முகத்திலும் மார்பிலும் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது வாயில் நுரை. ஏலியம்மா சிஸ்டரிடம் முறிவு மருந்து இருந்தது. அலமாரியில், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. டாக்டர் பார்க்காமல் போட முடியாது. சிஸ்டர் வீடியோ மணி அடித்தார். போகவில்லை. மறுபடி அடித்தார். போகவில்லை. வேலுத்தாயை இரண்டு பெண்களிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் சேற்றில் ஓடிப் பாறைமேல் ஏறினார். டாக்டரம்மாவின் கைபேசியை யாரும் எடுக்கவில்லை. அவர் நோயாளிகளுக்கு நடுவே இருந்தார். அடுத்து அழைத்தது ஈஸ்வரியை.

ஈஸ்வரி அப்போது அறையில் தனியாக இருந்தார். குழுவைத் திறந்து பார்த்ததும் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மாற்றியவர் பெயர் பக்கத்திலேயே இருக்கும். நான்கு முகவரிகளையும் பழையபடி பிரித்துப் போட்டார். பிறகு டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஆள் அனுப்பி அவரை அங்கிருந்த கணினி முன்னால் உட்காரவைத்தார். "சரியாயிருச்சு சிஸ்டர், கீழ எறங்கி மணி அடிங்க, வெரசா" என்று பாறைக்குச் சொன்னார். நான் தொழுகை முடிந்து திரும்பியபோது அவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, "தொழுதுட்டு வந்தீகளா பாய்?" என்று கேட்டார்.

வேலுத்தாய் பிழைத்தார். ஊசி போட்டு ஜீப்பில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கித் தேனிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மணி போகாமல் இருந்த அந்த அரைமணி நேரம் அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டது. வலது கை இன்றும் நடுங்குகிறது. தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. எனக்கில்லை. ஈஸ்வரிக்கு. அனுமதியின்றி வலைப்பின்னல் விதிகளை மாற்றினார், மேலாளரின் உத்தரவை மீறினார் என்று. மதுரையிலிருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்தார். மேசைமேல் மாற்றப் பதிவின் அச்சுப்பிரதி இருந்தது. அது வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கியது. புதன்கிழமை வரி அதில் இல்லை. சென்னைக் கம்பெனி அப்படி எடுத்து அனுப்பியிருந்தது. கேட்டவுடன் அனுப்பியிருக்கிறார்கள், அந்த வாரம் டிக்கெட் எதுவும் தேவைப்படவில்லை. "இதுக்கு முன்ன ரெண்டு நாள் இருக்குங்கய்யா, அதையும் எடுங்க" என்று ஈஸ்வரி சொன்னார். வக்கீல் என் பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரி முகவரிகளை லயத்தோடு சேர்த்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"கவனமில்லை சார். அப்டேட் ஆகும்போது தானா மாறியிருக்கலாம்" என்றேன்.

தானாக மாறாது. இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் அது தெரியும். ஈஸ்வரி என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். சாப்பாட்டில் எதையோ கண்டவர்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

வெளியே மாடிப்படியில் அவர் பின்னால் ஓடினேன். "ஈஸ்வரி, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக..." என்று ஆரம்பித்தேன். படியில் நின்று சொன்னார்: "தெரியும் பாய். வேலுத்தாய்க்கு மூணு. புள்ளகுட்டியக் காட்டி எங்கிட்ட மன்னிப்புக் கேக்காதீக. அத நான் குடுக்க மாட்டேன்."

தானே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் நல்ல சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். எழுதித் தரவில்லை. நீக்கினார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை எடுத்து, ஏலக்காய் வியாபாரிகளின் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வயர் இழுத்துக் கொடுத்துப் பிழைத்தார். என் மச்சான் கடைக்கும் அவர்தான் செய்தார். ஏணியில் அவரே ஏறுவார். ஒருமுறை அங்கே அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். பல்லில் கடித்திருந்த வயரை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆசுபத்திரி இன்னும் தனியாத்தான இருக்கு?" இருக்கிறது என்றேன். அது உண்மை. வேலுத்தாய் விவகாரத்துக்குப் பிறகு அதில் கைவைக்க யாருக்கும் துணிவில்லை. தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டார். அந்தக் குழுவின் பெயரை மேலாளர் மாற்றச் சொல்லி, நான் மாற்றியிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. இப்போது அதற்குக் கம்பெனியின் நிறுவனர் பெயர். ஏதோ ஒரு மாநாட்டில் அந்தத் "தனி மருத்துவ இணைப்பு"க்காக மேலாளர் பொன்னாடை வாங்கிவந்தார். அந்தப் புகைப்படம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. நான் தினமும் அதன் கீழே நடந்துதான் என் அறைக்குப் போகிறேன்.

இறந்த ஐந்தாம் நாள் கம்பெனி அரங்கில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஆளுயர ஃபிளெக்ஸ். அண்ணன் குடும்பத்தையும் மலையிலிருந்து ஜீப் அனுப்பி வரவழைத்திருந்தார்கள், படத்துக்கு வேண்டுமல்லவா. ஏலியம்மா சிஸ்டரும் வேலுத்தாயும் அதே ஜீப்பில் வந்திருந்தார்கள். மேலாளர் பேசினார். மலைமேல் ஏழைத் தொழிலாளிக்கும் டாக்டர் கிடைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கனவு என்றார். அந்தக் கனவுக்கு உருவம் கொடுத்த எளிய கரங்கள் ஈஸ்வரியுடையவை என்றார். "எளிய கரங்கள்" என்றபோது குரலைத் தழுதழுக்க வைத்தார். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் சமையல்காரர்கள் கேசரியும் மிக்சரும் தட்டில் பிரித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

எனக்கு வயிற்றைப் புரட்டியது. அது துணிச்சல் இல்லை. தயவுசெய்து அப்படி எண்ணாதீர்கள். வாந்தி வரும்போது எழுந்து நிற்போமே, அப்படித்தான் எழுந்தேன். "அந்த ஆஸ்பத்திரிய லயத்தோட சேத்து வெட்டிவிட்டது நான்" என்றேன். "சார் சொன்னார், நான் செஞ்சேன். ஈஸ்வரி அதைத் திரும்பப் பிரிச்சதுக்குத்தான் வெளிய அனுப்பினோம். விசாரணையில நான் பொய் சொன்னேன்." மேலாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். சிக்கந்தர் மிகவும் மனம் உடைந்திருக்கிறார் என்று அந்த ஆள் ஒலிபெருக்கியில் அறிவித்தார். தட்டுகள் வந்தன. ஒரு நிமிடத்துக்குள் அரங்கு முழுக்க மிக்சர் மெல்லும் சத்தம். என்னோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள் குனிந்து தட்டைப் பார்த்தபடி தின்றார்கள். அவர்களைப் பழிக்க எனக்கு வாயில்லை. நானும் அப்படித் தின்றவன்தான்.

ஏலியம்மா சிஸ்டர் மட்டும் தட்டை வாங்கவில்லை. என் அருகே வந்து, "எந்தா பாய் இது? இத்தன வருசமா நான் மழைன்னுல்ல நெனச்சேன்" என்றார். "ஆன்டெனா மேல இடி விழுந்து லைன் போச்சுன்னு நெனச்சேன். ஈஸ்வரி அதுதான் சொன்னா."

"என் பேரைச் சொல்லலையா?"

"சொல்லல. ஒருக்கா கூடச் சொல்லல."

எனக்கு அதன் அர்த்தம் மெதுவாகத்தான் புரிந்தது. என்னை மன்னித்ததனால் அவர் சொல்லாமல் இருக்கவில்லை; தரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். மலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் நான் அந்த மலையில் கால் வைத்திருக்க முடியாது. நான் ஏறாவிட்டால் ஆன்டெனாவைப் பார்க்க வேறு ஆளில்லை. ஆஸ்பத்திரிக்கு லைன் வேண்டுமென்பதற்காக என் அழுக்கை இத்தனை வருடம் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வேலுத்தாய் எழுந்து வந்தார். நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். அவர் அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ஒங்க பேரு என்னங்கய்யா?" என்றார்.

சொன்னேன்.

"சிக்கந்தரு" என்று சொல்லிப் பார்த்தார். நாக்கில் தங்க வேண்டும் என்பதுபோல் இன்னொரு தடவை சொன்னார். பிறகு சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மேலிடத்து உத்தரவு, நீங்க என்ன செய்வீக என்கிறார்கள். சொன்னதே பெரிய விஷயம் பாய் என்கிறார்கள். என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள். தயவுசெய்து அதைச் சொல்லிக்கொண்டு யாரும் என் வீட்டுக்கு வர வேண்டாம். வேலையைவிட்டுப் போன பிறகு ஈஸ்வரி உயிரோடு இருந்த ஐந்து வருடம் அவர் அறை என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. மூன்று வாரம் தேனியில் படுத்திருந்தார். பேருந்தில் அரைமணி நேரம். அப்போதெல்லாம் எனக்கு வராத வாந்தி, அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவருக்கு எந்தப் பயனும் இல்லாத நாளில்தான் வந்தது.

அவரை நினைத்து நீங்கள் எதை வைத்துக்கொள்வீர்கள் என்று தெரியாது. அவருடைய சிரிப்பைச் சொல்வீர்கள், உழைப்பைச் சொல்வீர்கள். எனக்கு அதற்கெல்லாம் உரிமையில்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது, என்னைப் பார்த்தால் எனக்கு வருகிற இந்தக் குமட்டல் ஒன்றுதான். விசைப்பலகையில் கை வைக்கும்போதெல்லாம் வருகிறது. இதற்கு மருந்து எதுவும் நான் தேடவில்லை.